புதுக் கேமராவில் நாய்ஸும் ஆட்டோஃபோகஸும்: பழுதா, வெளிச்சக் குறைவா?

கேள்வி இதுதான். புதிதாக வாங்கிய 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி மிரர்லெஸ் கேமரா, கூடவே வந்த 18-45 எம்எம் எஃப்/4.5-6.3 கிட் லென்ஸ். பகலில் படம் பளிச்சென்று இருக்கிறது. சாயங்காலம் வீட்டுக்குள் எடுத்தால் ஐஎஸ்ஓ 3200-லேயே புள்ளி புள்ளியாக வருகிறது, ஃபோகஸ் முன்னும் பின்னும் அலைகிறது, பாதிப் படங்கள் மங்கல். கேமராவில் குறையா? திருப்பிக் கொடுக்கும் கெடுவுக்குள் எப்படிச் சோதித்துப் பார்ப்பது?

நீங்கள் சொன்ன விவரங்களை வைத்துப் பார்த்தால் பழுது என்று தோன்றவில்லை. அந்த லென்ஸ் 45 எம்எம்மில் எஃப்/6.3-க்கு மேல் திறக்காது (எஃப் எண் கூடினால் திறப்பு சிறிது). எஃப்/1.8 லென்ஸில் வரும் வெளிச்சத்தில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் அதன் வழியாகச் சென்சாருக்குப் போகும். ஒரு அறையில் எஃப்/1.8-க்கு ஐஎஸ்ஓ 500 போதுமென்றால், அதே ஷட்டர் ஸ்பீடில் எஃப்/6.3-க்கு 6400 வேண்டியிருக்கும். மிரர்லெஸ்ஸில், அதாவது உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத கேமராவில், படம் பதிவதும் ஃபோகஸ் பார்ப்பதும் ஒரே சென்சாரில்தான். அதனால் வெளிச்சம் குறைந்தால் இரண்டும் சேர்ந்தே தடுமாறும். ஆனாலும் ஊகத்தில் விட்டுவிட வேண்டாம். ஒரு சாயங்காலம் ஒதுக்கினால் கேமரா சரியா இல்லையா என்று தெளிவாகத் தெரிந்துவிடும்.

முதலில் நாய்ஸ், அதாவது படத்தில் தெரியும் அந்தப் புள்ளிகள். ஐஎஸ்ஓவைக் கூட்டினால் நாய்ஸ் வருகிறது என்பது பேச்சு வழக்கு. உண்மையில் வெளிச்சம் ஒளித்துகள்களாக, மழைத்துளி போல ஒழுங்கில்லாமல் வந்து விழுகிறது. ஒரு பிக்சலில் சராசரியாக 10,000 துகள் விழும் இடத்தில் ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலம், அதாவது 100. நூற்றில் ஒரு பங்குதான். வெளிச்சம் குறைந்து 100 துகளே விழுந்தால் ஏற்ற இறக்கம் 10, பத்தில் ஒரு பங்கு. அந்த மேடுபள்ளம்தான் கண்ணுக்குப் புள்ளியாகத் தெரிகிறது. ஐஎஸ்ஓ என்பது கிடைத்த கொஞ்ச வெளிச்சத்தைப் பெருக்கிக் காட்டுவது மட்டுமே. சென்சாரிலிருந்து எண்ணைப் படித்தெடுக்கும் மின்சுற்றும் தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கும், ஆனால் இன்றைய கேமராக்களில் அது சிறிய பங்கு, ஆழ்ந்த நிழல்களில்தான் வெளியே தெரியும்.

இதனால்தான் சென்சார் அளவு முக்கியமாகிறது. ஃபுல் ஃபிரேம் 36×24 எம்எம். சோனி, நிக்கான், ஃபியூஜி ஏபிஎஸ்-சி ஏறத்தாழ 23.5×15.6, கேனான் ஏபிஎஸ்-சி இன்னும் சற்றுச் சிறியது, 22.3×14.9. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 17.3×13. பரப்பைக் கணக்கிட்டால் ஏபிஎஸ்-சி ஃபுல் ஃபிரேமைவிட ஒன்றேகால் ஸ்டாப், மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் இரண்டு ஸ்டாப் பின்தங்கும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது அல்லது இரட்டிப்பாவது). நண்பரின் ஃபுல் ஃபிரேம் கேமராவில் ஐஎஸ்ஓ 6400 எப்படி இருக்கிறதோ, உங்கள் கேமராவில் 2500 அப்படி இருந்தால் அது நியாயமான ஒப்பீடு. 6400-ஐ 6400-க்கு நேராக வைத்துப் பார்த்து மனம் நொந்துபோக வேண்டாம்.

சோதனைக்குப் போகலாம். மேஜைமேல் நான்கு பொருள்கள் போதும்: நேற்றைய நாளிதழ், ஜரிகையோ நெசவோ தெரியும் கறுப்பு அல்லது கருநீலத் துணி, சாம்பல் நிற அட்டை, முடிந்தால் ஒருவருடைய முகம். ஆள் அசையாமல் உட்கார முடியாவிட்டால் முகத்தை விட்டுவிடுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், தாளின் ஓரம் படபடத்தால் மெதுவான ஷட்டரில் அது மங்கும், அதை நாய்ஸ் கணக்கில் சேர்த்துவிடுவோம். டிரைபாட், இரண்டு வினாடி டைமர், லென்ஸின் ஸ்டெபிலைசர் அணைவு. மேனுவல் மோடு, எஃப்/6.3. ஒயிட் பேலன்ஸை ஒரே எண்ணில் நிறுத்துங்கள். ரா (கேமரா திருத்தாத மூலக் கோப்பு), ஜேபெக் இரண்டையும் பதிவு செய்யுங்கள்.

எல்இடி விளக்கில் ஷட்டர் ஸ்பீடு பற்றி ஒரு எச்சரிக்கை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஆகவே மலிவான எல்இடி பல்பு வினாடிக்கு 100 முறை மினுங்கும். 1/100-ஐவிட வேகமாக எடுத்தால் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மங்கலாகவும் வரும், அல்லது படத்துக்குக் குறுக்கே பட்டை விழும். எலக்ட்ரானிக் ஷட்டரில் இது இன்னும் மோசம். இந்தப் பட்டையைப் பார்த்துவிட்டுச் சென்சார் போய்விட்டது என்று கடைக்கு ஓடுகிறவர்கள் நிறையப் பேர். எனவே ஐஎஸ்ஓ 25600-க்கு 1/100 வருமாறு விளக்கின் தூரத்தை மாற்றுங்கள். பிறகு ஐஎஸ்ஓவைப் பாதிப் பாதியாக இறக்கி, ஷட்டரை இரட்டிப்பாக்கிக்கொண்டே போங்கள்: 12800-க்கு 1/50, 6400-க்கு 1/25, 3200-க்கு 1/13, 1600-க்கு 1/6. இப்படியே 100 வரை போனால் ஷட்டர் இரண்டரை வினாடியில் நிற்கும். மெக்கானிக்கல் ஷட்டரோ, எலக்ட்ரானிக் ஃபர்ஸ்ட் கர்ட்டனோ பயன்படுத்துங்கள். முழு எலக்ட்ரானிக் ஷட்டர் வேண்டாம்.

ஆரம்பிப்பதற்கு முன் மெனுவில் அணைக்க வேண்டியவை சில. கேனானில் ஆட்டோ லைட்டிங் ஆப்டிமைசர், நிக்கானில் ஆக்டிவ் டி-லைட்டிங், சோனியில் டிஆர்ஓ. மூன்றும் நிழலைத் தூக்கிவிடும், அதாவது இருண்ட பகுதியை வெளிச்சமாக்கிக் காட்டும் வேலை செய்பவை. தூக்கிய நிழலில் நாய்ஸும் சேர்ந்து எழும். ஐஎஸ்ஓ 800-ல் எடுத்தேன், முடியில் மட்டும் ஏன் இவ்வளவு கிரெய்ன் என்ற கேள்விக்குப் பல நேரம் இதுதான் பதில். லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷனையும் அணையுங்கள். அது இருந்தால் படம் எடுத்த பிறகு அதே நேரத்துக்கு ஷட்டரை மூடிவைத்து இன்னொரு இருட்டுப் படம் எடுத்துக் கழிக்கும். முப்பது வினாடிப் படத்துக்கு இன்னொரு முப்பது வினாடி கேமரா பேசாமல் இருப்பதைப் பார்த்து, தொங்கிப்போய்விட்டது என்று பேட்டரியைக் கழற்றுகிறவர்கள் உண்டு.

ஹை ஐஎஸ்ஓ நாய்ஸ் ரிடக்‌ஷனை மட்டும் வேறு விதமாகக் கையாள வேண்டும். 3200, 6400, 12800 மூன்றிலும் அதை அணைத்து ஒன்று, நடுநிலையில் ஒன்று, உச்சத்தில் ஒன்று எடுங்கள். பிறகு நாளிதழின் சிறிய எழுத்தை நெருங்கிப் பாருங்கள். அணைத்த படத்தில் தாள் மணலாக இருக்கும், ஆனால் மெய்யெழுத்தின் தலைமேல் உள்ள புள்ளி தனியாக நிற்கும். உச்சத்தில் தாள் வழவழப்பாகிவிடும், புள்ளியோ கரைந்து எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். 'க்' எது 'க' எது என்று தெரியாது. துணியில் இழை காணாமல் போய், மெழுகு பூசியதுபோல் ஆகும். முகத்திலும் இதேதான் நடக்கிறது. எந்தக் கேமராவில் நாய்ஸ் குறைவு என்று கேட்பதைவிட, இந்தப் புள்ளி எந்த ஐஎஸ்ஓ வரை தாக்குப்பிடிக்கிறது என்று பார்ப்பதே உருப்படியான அளவுகோல். ஜேபெக் மட்டும் எடுப்பவருக்கு நடுநிலைக்கும் குறைவான அமைப்பே பெரும்பாலும் நல்லது.

ரா ஃபைலைப் பார்க்கும்போது மென்பொருளும் விளையாடும் என்பது நினைவிருக்கட்டும். லைட்ரூம் ரா ஃபைலைத் திறந்ததுமே நிறப்புள்ளிகளைக் குறைக்கும் அளவை 25-ல் வைத்துவிடுகிறது. இரண்டு கேமராவை ஒப்பிட வேண்டுமானால் இரண்டையும் ஒரே மென்பொருளில், ஒரே அமைப்பில் திறக்க வேண்டும். இலவசமாக வேண்டுமென்றால் டார்க்டேபிள், ராதெரபி இரண்டும் போதும்.

எந்த அளவில் பார்ப்பது என்பதும் முக்கியம். 100 சதவீதத்தில் பெரிதாக்கிப் பார்த்து எந்தக் கேமராவையும் திட்ட முடியும். ஏ4 தாளை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சிட 3508×2480 பிக்சல் போதும். 6000×4000 படம் அதற்குள் சுருங்கும்போது நாய்ஸும் கணிசமாக அடங்கும். கல்யாண ஆல்பத்தில் 12×36 அங்குல விரிப்பின் ஒரு பக்கம் முழுக்க ஒரே படம் என்றால் நிலைமை வேறு. 12×18 அங்குலத்துக்கு 5400×3600 பிக்சல் வேண்டும், கிட்டத்தட்ட முழுப் படமும் அப்படியே அச்சாகிறது. ஆகவே உங்கள் படம் எங்கே போய்ச் சேரும் என்று முடிவுசெய்து, அந்த அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். 24 மெகாபிக்சலையும் 61 மெகாபிக்சலையும் ஒப்பிடுவதானால் பெரியதைச் சிறியதன் அளவுக்குச் சுருக்கிய பிறகே ஒப்பிட வேண்டும்.

நாய்ஸில் ரகம் பிரிக்கத் தெரிந்தால் பாதிக் கவலை தீரும். சன்ன மணல் போல, நிறமில்லாமல் இருப்பது ஒளித்துகள் கணக்கால் வருவது. அது எல்லாக் கேமராவிலும் உண்டு, அச்சில் உறுத்தாது. கறுத்த முடியிலும் துணியிலும் சிவப்பு, பச்சைத் திட்டுகளாக வருவது நிற நாய்ஸ். மஞ்சள் பல்பிலும் குத்துவிளக்கு வெளிச்சத்திலும் இது கூடும், ஏனென்றால் அந்த ஒளியில் நீலம் மிகக் குறைவு. ஒயிட் பேலன்ஸைச் சரிசெய்யக் கேமரா நீலத்தை மட்டும் அதிகமாகப் பெருக்குகிறது, அதோடு நீலத்தின் நாய்ஸும் பெருகுகிறது. அதே ஐஎஸ்ஓ 3200-ஐ மேகமூட்டமான பகலில் நிழலில் எடுத்துப் பாருங்கள், வேறு கேமராவோ என்று தோன்றும். இரண்டு வெளிச்சத்திலும் சோதித்தால்தான் கணக்கு முழுமையாகும்.

கோடு கோடாக, ஒரே இடைவெளியில் வருவது மூன்றாவது ரகம். எல்இடி மினுக்கல் இல்லாத வெளிச்சத்தில், சரியான எக்ஸ்போஷரில், நிழலைத் தூக்காமலே ஐஎஸ்ஓ 800, 1600-ல் கோடு தெரிந்தால் அது பழுதாக இருக்கலாம். கடையில் காட்ட வேண்டிய விஷயம். நாலு ஸ்டாப் தூக்கிய நிழலில் லேசாகத் தெரிந்தால் பொருட்படுத்த வேண்டாம்.

நான்காவது, ஒவ்வொரு படத்திலும் அதே இடத்தில் நிற்கும் ஒற்றைப் புள்ளி, அதாவது ஹாட் பிக்சல். லென்ஸ் மூடியைப் போட்டு ஐஎஸ்ஓ 100, 1/60-ல் ஒரு படம், ஐஎஸ்ஓ 1600, 1/60-ல் ஒரு படம், ஐஎஸ்ஓ 800-ல் முப்பது வினாடி ஒரு படம் எடுங்கள். கடைசிப் படத்தில் சிவப்பும் நீலமுமாக நிறையப் புள்ளிகள் மின்னும். அது இயல்பு. சென்சார் சூடாகச் சூடாக இருட்டிலேயே மின்னோட்டம் கசியும், ஆறு முதல் எட்டு டிகிரி ஏறினால் அது ஏறத்தாழ இரட்டிப்பாகும். சித்திரை வெயிலில் இருபது நிமிடம் வீடியோ எடுத்த கையோடு இந்தச் சோதனையைச் செய்தால் பயந்துபோவீர்கள். கேமராவை அணைத்து ஆறவிட்டுச் செய்யுங்கள். முதல் படத்தில், அதாவது ஐஎஸ்ஓ 100, 1/60-ல் பளிச்சென்ற புள்ளி இருக்கக் கூடாது. இருந்தால் மெனுவில் பிக்சல் மேப்பிங் (கெட்ட பிக்சலைக் கண்டுபிடித்து மறைக்கும் வசதி) இருக்கிறதா பாருங்கள். நிக்கான் இசட், ஒலிம்பஸ், புதிய சோனி மாடல்களில் உண்டு. அதை ஓட்டிய பிறகும் நின்றால் மாற்றிக் கேளுங்கள்.

கோவில், விளக்கு பூஜை என்று எடுப்பவர்களுக்கு இன்னொரு சோதனை. எஃப் எண்ணையும் ஷட்டரையும் மாற்றாமல் ஐஎஸ்ஓ 6400, 3200, 1600, 800 என்று நான்கு ரா படங்கள் எடுங்கள். பின்னவை மூன்றையும் மென்பொருளில் முறையே ஒன்று, இரண்டு, மூன்று ஸ்டாப் தூக்குங்கள். நான்கும் ஒரேமாதிரி தெரிந்தால் உங்கள் கேமராவில் குறைந்த ஐஎஸ்ஓவில் எடுத்துப் பிறகு தூக்குவதால் நஷ்டமில்லை, தீபச் சுடர் வெளுத்துப்போகாமல் தப்பிக்கும். சில கேமராக்களில் நடுவில் ஒரு படி இருக்கும். உதாரணத்துக்குச் சோனி ஏ7 III-ல் 640-ல் சென்சாரின் பெருக்கம் மாறுகிறது, ஆகவே அங்கே 500-ஐவிட 640-ல் நிழல் சுத்தம். ஜேபெக்கில் இந்த வேலை நடக்காது. தூக்கினால் கட்டம் கட்டமாக உடையும்.

இனி ஃபோகஸ். மங்கலான படம் எல்லாம் ஃபோகஸ் தப்பிய படம் இல்லை. மூன்றாகப் பிரியுங்கள். படம் முழுக்க ஒரே திசையில் இழுபட்டிருந்தால், ஒளிப்புள்ளிகள் சிறு கோடாக நீண்டிருந்தால், கை ஆடியிருக்கிறது. சுவர், நாற்காலி எல்லாம் கூர்மையாக இருந்து கையோ முகமோ மட்டும் இழுபட்டிருந்தால் ஆள் அசைந்திருக்கிறார். ஸ்டெபிலைசர் அதைத் தடுக்காது, ஷட்டரைத்தான் கூட்ட வேண்டும். ஆளுக்கு முன்னோ பின்னோ வேறு ஏதாவது கூர்மையாக இருந்தால் மட்டுமே ஃபோகஸ் தவறு. ராத்திரி வீட்டுக்குள் 1/20, 1/30-ல் எடுத்த படங்களில் பெரும்பங்கு முதல் இரண்டு வகையில் அடங்கிவிடும்.

அசையாத பொருளில் ஃபோகஸைச் சோதிக்க ஒரு தட்டையான அட்டைப்பெட்டியும் 30 செ.மீ. ஸ்டீல் ஸ்கேலும் போதும். பெட்டியின் எழுத்துள்ள முகம் சென்சாருக்கு இணையாக இருக்கட்டும். அதன் பக்கத்தில் ஸ்கேலை 45 டிகிரி சாய்த்து, 15 செ.மீ. கோடு பெட்டி முகத்தோடு ஒரே நேரில் வருமாறு வையுங்கள். தூரம், லென்ஸின் எம்எம்போல 25 முதல் 50 மடங்கு. 45 எம்எம்முக்கு ஒன்று முதல் இரண்டேகால் மீட்டர். லென்ஸை முழுக்கத் திறந்து, சிங்கிள் ஷாட் ஃபோகஸ், ஒற்றைப் புள்ளி. புள்ளியைப் பெட்டியில் வையுங்கள், ஸ்கேலில் வேண்டாம். சாய்ந்த பொருளில் புள்ளி எந்த இடத்தைப் பிடித்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

பத்துப் படம் எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஃபோகஸைக் கலைத்துவிடுங்கள், ஒருமுறை தூரத்துக்கு, மறுமுறை கிட்டத்துக்கு. கடைசியில் திரையைப் பத்து மடங்கு பெரிதாக்கிக் கையால் ஃபோகஸ் செய்து ஒன்று எடுங்கள். அதுதான் ஒப்பீட்டுக்கான படம். அதைவிட ஆட்டோஃபோகஸ் சிறப்பாக வர முடியாது. நல்ல வெளிச்சத்தில் மிரர்லெஸ் பத்துக்குப் பத்து பிடிக்க வேண்டும். பத்தும் ஒரே பக்கமாக விலகினாலோ, நான்கைந்து தாறுமாறாகப் போனாலோ வேறு லென்ஸ் போட்டு மறுபடி செய்யுங்கள். லென்ஸ் மாறியதும் சரியானால் குறை லென்ஸில்.

கண்ணாடி உள்ள டிஎஸ்எல்ஆர் என்றால் கதை வேறு. அதில் ஃபோகஸ் பார்க்கும் கருவி கண்ணாடிக்குக் கீழே தனியாக இருக்கிறது. சென்சாருக்கும் அதற்கும் தூரம் மயிரிழை மாறினாலும் எல்லாப் படமும் முன்னாலோ பின்னாலோ விழும். கேனான், நிக்கானின் உயர்ந்த மாடல்களில் அதைத் திருத்த ±20 வரை அளவு உண்டு. தொடக்க மாடல்கள் பலவற்றில் இல்லை.

அடுத்து, குறைந்த வெளிச்சம். விவரப் பட்டியலில் "-4 ஈவி வரை ஃபோகஸ்" என்று போட்டிருப்பார்கள். ஈவி என்பது வெளிச்சத்தின் அளவு, எண் ஒன்று குறைந்தால் ஒரு ஸ்டாப் இருட்டு. அந்த எண் பெரும்பாலும் எஃப்/1.2 லென்ஸ் போட்டு, நடுப்புள்ளியில், சிங்கிள் ஷாட்டில் அளந்தது. உங்கள் எஃப்/6.3 லென்ஸ் அதைவிட ஏறத்தாழ ஐந்து ஸ்டாப் இருட்டு, ஆகவே -4 என்பது உங்களுக்கு +1-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். விளக்கு குறைத்த ஹாலின் மூலையில் கேமரா தடுமாறினால் அது சொன்ன எல்லையை மீறவில்லை என்று பொருள். ஃபோகஸ் அசிஸ்ட் விளக்கை அணைத்து ஒரு சுற்று, போட்டு ஒரு சுற்று பாருங்கள். அந்த விளக்கு சில மீட்டர் தூரத்துக்குத்தான் எட்டும், கர்ப்பகிரகத்தை நோக்கி அது உதவாது.

வெற்றுச் சுவரிலும் வெள்ளை வேட்டியின் நடுவிலும் எந்தக் கேமராவும் அலையும். கோடோ விளிம்போ இருந்தால்தான் பிடிக்க முடியும். பல சென்சார்களில் ஃபேஸ் டிடெக்‌ஷன் புள்ளிகள், அதாவது ஃபோகஸை அளக்கச் சென்சாரிலேயே பதித்த புள்ளிகள், ஒரு திசைக் கோடுகளையே உணரும். செங்குத்தான கதவு விளிம்பைச் சட்டென்று பிடிக்கும் கேமரா, படுக்கைக் கோடுகள் மட்டுமுள்ள ஜன்னல் கம்பியிலோ படிக்கட்டிலோ முன்னும் பின்னும் ஓடும். கேமராவைச் செங்குத்தாகத் திருப்பினால் உடனே பிடித்தால், அது பழுதில்லை, சென்சாரின் அமைப்பு. கொஞ்சம் சாய்த்துப் பிடித்து ஃபோகஸ் செய்து, பட்டனைப் பாதி அழுத்தியபடியே நேராக்கிக்கொள்வது பழக்கமாகிவிடும். 2023-க்கு முந்தைய பானசோனிக் கேமராக்களில் ஃபேஸ் டிடெக்‌ஷனே கிடையாது. கான்ட்ராஸ்டை வைத்துத் தேடும் முறை, லேசான முன்பின் துடிப்பு அதன் இயல்பு.

நகரும் பொருளுக்கு இதைச் செய்யுங்கள். ஒருவரைப் பதினைந்து மீட்டர் தூரத்திலிருந்து உங்களை நோக்கி இயல்பாக நடந்து வரச் சொல்லுங்கள். பகல் வெளிச்சம், 1/1000, கன்டினியூவஸ் ஃபோகஸ், கண் கண்டறிதல், வினாடிக்கு 10 படம். மனிதர் வினாடிக்கு 1.4 மீட்டர் நடந்தால் படத்துக்குப் படம் 14 செ.மீ. முன்னால் வருகிறார். ஃபுல் ஃபிரேமில் 85 எம்எம் எஃப்/1.8 லென்ஸுக்கு மூன்று மீட்டரில் கூர்மையாகத் தெரியும் ஆழமே மொத்தம் 13 செ.மீ.தான். அதாவது ஒவ்வொரு படத்துக்கும் லென்ஸ் புதிதாக நகர்ந்தாக வேண்டும். என் கணக்கில் பதினைந்திலிருந்து ஐந்து மீட்டர் வரை பத்துக்கு ஒன்பது கூர்மையாக இருக்க வேண்டும். கடைசி இரண்டு மீட்டரில் பாதி தப்பினாலும் குறை சொல்ல மாட்டேன். உங்கள் கிட் லென்ஸில் எஃப்/6.3 என்பதால் ஆழம் கூடுதல். அதில் நிறையத் தப்பினால் அமைப்பைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

அமைப்பில் அடிக்கடி மாட்டிவைப்பவை இவை. கன்டினியூவஸ் ஃபோகஸில் நிக்கான் போன்றவற்றின் இயல்பு அமைப்பு, ஃபோகஸ் பிடித்ததா என்று காத்திராமல் பட்டனை அழுத்தியதும் படம் எடுப்பது; அதை ஃபோகஸ் முன்னுரிமைக்கு மாற்றினால் படம் எண்ணிக்கையில் குறையும், கூர்மையானவை கூடும். கண்டறிய வேண்டியது மனிதரா, விலங்கா, வாகனமா என்பது வேறொன்றில் நின்றிருக்கும். ஃபோகஸ் பரப்பு முழுத்திரையில் இருந்தால், கேமரா பல நேரம் கிட்டத்தில் இருப்பதையே பிடிக்கும். மாப்பிள்ளை முகம் பக்கவாட்டில் திரும்பிய கணத்தில் ஃபோகஸ் மாலைக்குத் தாவிவிடும், எஃப்/1.8-ல் ரோஜா இதழ் கூர்மையாகவும் கண் மங்கலாகவும் இருக்கும். அந்த மாதிரி இடத்தில் சிறிய பரப்பை முகத்தில் வைத்து அதற்குள் கண் கண்டறிதலை ஓட்டுங்கள்.

ஒரு பக்க ஓரம் மட்டும் எப்போதும் மங்கினால் ஃபோகஸைக் குறை சொல்லாதீர்கள். சுவரில் நாளிதழ்த் தாள்களை ஒட்டி, கேமராவைச் சுவருக்கு நேராக நிறுத்தி, எஃப்/8-ல் எடுத்து நான்கு மூலைகளையும் ஒப்பிடுங்கள். கேமராவைத் தலைகீழாகத் திருப்பி எடுத்தும், கேமராவின் அதே பக்கம் மங்கினால் லென்ஸுக்குள் ஒரு கண்ணாடி மையம் விலகியிருக்கிறது. புது லென்ஸில் இதை ஏற்றுக்கொள்ளத் தேவையில்லை.

குறை என்று உறுதியானால் கடைக்கோ சர்வீஸ் சென்டருக்கோ போகும்போது வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் வேண்டாம். அதில் விவரம் எல்லாம் போய்விடும். கேமராவிலிருந்து வந்தபடியே ரா, ஜேபெக் இரண்டும், கையால் ஃபோகஸ் செய்த ஒப்பீட்டுப் படமும், மூடி போட்டு எடுத்த மூன்று இருட்டுப் படங்களும் ஒரே மெமரி கார்டில் இருக்கட்டும். லென்ஸையும் கேமராவையும் சேர்த்தே கொடுங்கள். தனித்தனியாகக் கொடுத்தால் ஒவ்வொன்றும் சரியாக இருக்கிறது என்று திரும்பி வரும்.